சுவரைப் பாருங்கள்!

புதுவை வைசியாள் வீதியில் பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய கனத்த சுவர்கள். அவை வெயிலைத் தடுக்கும். வை-பை அலையையும் தடுக்கும்!

இப்படிப்பட்ட வீட்டில், ரூட்டர் வாசல் அறையில் இருக்கிறது. பின்கட்டில் மகள் ஆன்லைன் பாடம் படிக்கிறாள். படம் நின்று நின்று வருகிறது. "கூடுதல் வேகத்துக்குப் பணம் கட்டலாம்" என்கிறார் அப்பா. அது வீண் செலவு. வாசலுக்கு வந்த வேகம் சுவரைத் தாண்டாவிட்டால் யாருக்கு லாபம்?

முதலில், ரூட்டரை முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்துக்கு மாற்றிப் பாருங்கள். முற்றத்தின் நடுவே சுவர் இல்லை. அலை எளிதில் பரவும்.

அதுவும் போதாவிட்டால் "மெஷ்" ரூட்டர் வாங்கலாம். அதில் இரண்டு மூன்று பெட்டிகள் இருக்கும். ஒரு பெட்டி அனுப்புவதை அடுத்தது வாங்கிப் பரப்பும். வீடு முழுவதும் ஒரே பெயர்; ஒரே கடவுச்சொல்.

ஆனால், அலையே வராத மூலையில் இரண்டாவது பெட்டியை வைக்காதீர்கள். வராததை அது எப்படிப் பரப்பும்? பாதி வழியில் வையுங்கள். பெட்டிகளை வயரால் இணைத்தால் இன்னும் நல்லது.

ஆகவே, கடைக்குப் போகும் முன் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பணமும் மிஞ்சும், பாடமும் நடக்கும்!