எந்தத் திகதியில் முடிகிறது?

சகோதரிகளே, வீட்டு இணைய இணைப்பை மாற்றப்போகும் பலர் என்னிடம் கேட்பது, "வேகம் கூடிய பெக்கேஜ் எது?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: உங்கள் டேட்டா எந்தத் திகதியில் முடிகிறது?

கட்டுகஸ்தோட்டையில் ஓர் அக்கா வீட்டில் 20ஆம் திகதியோடு முடிந்துவிடும். அதன்பின் மகளின் ஒன்லைன் வகுப்பு சுற்றிச் சுற்றி நின்றுவிடும். அவர்களுக்கு வேகம் போதும், அளவுதான் போதாது. மிகத் தெளிவான வீடியோ மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரை எடுக்கும். தெளிவைக் குறைத்து வைத்தால் 1 ஜிபிக்குள் அடங்கும். டேட்டாவில் ஒரு பங்கை நள்ளிரவுக்குப் பின்தான் பாவிக்கலாமா என்றும் கேளுங்கள். விடிய எழும்பிச் சமைக்கிற நமக்கு அது எதற்கு? 2022 செப்டெம்பரில் தொலைத்தொடர்புக் கட்டணம் 20 வீதம் கூடிய பின்னர், இதையெல்லாம் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது.

கையெழுத்துத்தான் அந்த அக்காவுக்குச் சிக்கலாயிற்று. இணைப்பு, 2007இல் காணாமற்போன கணவரின் பெயரில் இருந்தது. அவர் வரவேண்டும், இல்லாவிட்டால் மரணச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள் கருமபீடத்தில். "அவர் செத்தார் என்று நான் எழுதிக் குடுக்க மாட்டேன்" என்றார் அக்கா. புது இணைப்பு எடுக்கவும் மனமில்லை. கணவருக்கு மனப்பாடமான இலக்கம் இதுதான்.

2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின்படி, மரணம் என்று சொல்லாமல், காணவில்லை என்பதற்கே பதிவாளரிடம் சான்றிதழ் பெறலாம். அக்கா அதைப் பெற்றிருந்தார், பெட்டிக்குள் கிடந்தது. அதையும் விவாகச் சான்றிதழையும் கொண்டு இரண்டாம் முறை போனோம். முகாமையாளர் வாசித்துப் பார்த்துப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தார். இலக்கம் பழையதே. டேட்டா கூடிய பெக்கேஜுக்கு அக்கா அன்றே கையெழுத்திட்டார்.