ஜவானுக்கு வீட்டுச் செய்தி

பிள்ளையை ராணுவத்தில் சேர்த்துவிட்ட பெற்றோருக்குக்கூட முகாம் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று அதிகம் தெரிவதில்லை. பத்திரிகைகளில் போர்ச் செய்தி வரும், வீரப்பதக்கம் வரும், குடியரசு தின அணிவகுப்பின் படம் வரும். மற்ற நாட்களில் ஜவான் என்ன செய்கிறார் என்று எழுதுவார் இல்லை.

பொழுது விடியுமுன் எழுந்து ஓட்டம், உடற்பயிற்சி. பிறகு முகச்சவரம், பூட்சுக்குப் பாலிஷ், அணிவகுப்பு, ஆயுதப் பயிற்சி. 'லங்கர்' என்று வழங்கும் சமையற்கூடத்தில் தட்டை ஏந்தி வரிசையில் நின்று சாப்பாடு. மாலையில் விளையாட்டு உண்டு. முகாமைச் சுத்தம் செய்வது, சாமான் இறக்குவது போன்ற வேலைகளும் உண்டு. பிறகு பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பார்கள். இரவில் காவல் முறை வந்தால் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும், நான்கு மணி நேரம் படுக்கலாம், மறுபடியும் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். கட்டிலுக்குக் கீழே ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். அவருடைய சொந்த உடைமை எல்லாம் அதற்குள்தான்.

இந்த வேலையெல்லாம் ஆறு மாதத்தில் பழகிவிடுகிறது. வீட்டைப் பற்றிய கவலை மட்டும் இருபது வருடம் ஆனாலும் பழகுவதில்லை.

பெங்களூரில் வாழும் தமிழர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அல்சூர் ஏரிக்கரையில் மதராஸ் சேப்பர்ஸ் படையின் மையம் இருக்கிறது. அந்தப் படையினரைத் 'தம்பி' என்று அழைப்பதே வழக்கம். கன்டோன்மென்ட் பகுதியில் நம்மவர்கள் குடியேறியதற்கும் ராணுவத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. தவிர, சம்பளத்தில் பாதியை மணியார்டர் செய்துவிட்டு, பணம் பெற்றுக்கொண்டதற்கு அம்மா வைத்த கைநாட்டோடு ரசீது திரும்பி வருகிறதா என்று தபால்காரரை எதிர்பார்த்து நின்றவர்கள் நம்மில் ஏராளம். ஆனாலும் நமக்கு ஒரு வசதி உண்டு. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் இரவு பஸ் ஏறி விடிவதற்குள் சேலத்திலோ தர்மபுரியிலோ இறங்கிவிடலாம். ஜவானுக்கு ஆண்டில் 60 நாள் வருட விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் விதியில் இருக்கின்றன. ஆனால் அவர் விரும்பும் நாளில் அது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கிடைத்தாலும் காஷ்மீரிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் வருவதற்குள் சில நாட்கள் கழிந்துவிடும்.

ஆகையால்தான் ராணுவத் தபாலுக்குத் தனி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ராணுவத் தபால் படை 1972-ல் தனிப் பிரிவாக அமைக்கப்பட்டது. ஜவானின் விலாசத்தில் ஊர்ப் பெயர் இருக்காது. அவருடைய எண், பதவி, பெயர், யூனிட், அதன் பின் '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்று இருக்கும். முன்னதற்கு டில்லியிலும் பின்னதற்குக் கல்கத்தாவிலும் தலைமை நிலையங்கள். பின்கோடில் 9 என்று தொடங்கும் எண்கள் முழுவதும் ராணுவத்துக்கே ஒதுக்கப்பட்டவை. படைப்பிரிவு ராஜஸ்தானத்தில் இருந்தாலும் லடாக்குக்கு மாறினாலும் வீட்டார் விலாசத்தை மாற்ற வேண்டாம். கடிதம் தேடிக்கொண்டு போய்ச் சேரும். மகன் எந்த மலையில் நிற்கிறான் என்று தாய்க்குத் தெரியாது. அவள் கடிதத்துக்குத் தெரியும். நல்ல ஏற்பாடுதான்!

தந்தி என்றால் எல்லோருக்கும் பயம். தாயார் கவலைக்கிடம், உடனே புறப்படு என்று நான்கு சொல் வரும். அது உண்மையா, விடுப்புக்காகச் சொன்னதா என்று அதிகாரி யோசிப்பார். அந்தத் தந்தி 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. எஸ்.டி.டி. பூத்தில் இரவுக் கட்டணத்துக்காகக் காத்துக் கிடந்த காலமும் போய்விட்டது. எட்டாத மலைமுகாம்களில் இருக்கும் ஜவான்கள் சாட்டிலைட் போனில் பேச நிமிடத்துக்கு 5 ரூபாய் கொடுத்து வந்தார்கள். 2017 தீபாவளி முதல் அது 1 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. 2023-ல் பி.எஸ்.என்.எல். நிறுவனம் சியாச்சினில் செல்போன் கோபுரம் அமைத்தது. 2025 ஜனவரியில் ஜியோவும் அங்கே சேவையைத் தொடங்கியது.

சியாச்சின் என்றதும் 2016 பிப்ரவரி 3-ந் தேதி நினைவுக்கு வராமல் போகாது. 19,600 அடி உயரத்தில் 19-வது மதராஸ் பட்டாலியனைச் சேர்ந்த காவல் முகாம் பனிச்சரிவில் புதைந்தது. உயிர்நீத்த பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டினர், மூவர் கர்நாடகத்தினர். தார்வார் மாவட்டத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாட்களுக்குப் பின் உயிரோடு மீட்கப்பட்டு, பிப்ரவரி 11-ல் டில்லி மருத்துவமனையில் காலமானார். அத்தகைய இடத்தில் நிற்பவருக்கு வீட்டிலிருந்து ஒரு குரல் கேட்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! தொலைபேசி வசதியை அரசாங்கம் இன்னும் பெருக்க வேண்டும் என்பதே நமது கருத்து.

ஆனால் போன் வந்ததால் ஒரு புதிய சங்கடமும் வந்திருக்கிறது. முன்பெல்லாம் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடந்த சண்டை கடிதத்தில் ஏறி முகாமுக்குப் போய்ச் சேருவதற்குள் இருவரும் சமாதானம் ஆகியிருப்பார்கள். இப்போது சண்டை நடக்கும்போதே ஜவானின் காதில் விழுகிறது. பங்காளி வரப்பை வெட்டிவிட்டான், குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, தாலுகா ஆபீசில் பட்டா மாற்றித் தர மறுக்கிறார்கள் என்று வரிசையாகச் செய்தி வருகிறது. அவரால் ஒன்றும் செய்ய முடியாது. போனை வைத்துவிட்டுத் துப்பாக்கியோடு காவலுக்குப் போகிறார். அன்று இரவு அந்த இரண்டு மணி நேரமும் அவர் மனம் எங்கே இருக்கும்?

வீட்டார் உண்மையை மறைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மறைத்தால் அது வேறு வழியில் தெரிந்து இன்னும் பெரிய வேதனையாகும். காய்ச்சல் என்றால் டாக்டரிடம் காட்டினோம், டாக்டர் இன்னது சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். வீட்டுச் சச்சரவுகளை அவர் விடுப்பில் வரும்வரை ஒத்திப்போடலாம். மாதம் ஒரு முறையாவது நீலநிற இன்லண்ட் கடிதம் ஒன்று எழுதுவதும் நல்லது. போன் பேச்சு முடிந்தவுடன் மறைந்துவிடும். கடிதம் இரும்புப் பெட்டியில் இருக்கும். இன்னொன்று: முகாமின் படத்தையும், படை நகரும் விவரத்தையும் உறவினர் குழுக்களில் பரப்பக் கூடாது. 2020 ஜூலையில் பேஸ்புக் உள்ளிட்ட 89 செயலிகளை நீக்குமாறு ராணுவமே தன் வீரர்களுக்கு உத்தரவிட்டது காரணமில்லாமல் அல்ல.

காய்ச்சலையும் சண்டையையும் குடும்பம் பார்த்துக்கொள்ளும். வரப்பையும் பட்டாவையும் யார் பார்ப்பது? போர்க்காலம் போன்ற தனிச் சூழ்நிலைகளில் பணிபுரியும் ஜவான் கோர்ட்டுக்கு வர இயலாதபோது வழக்கை ஒத்திவைக்க வேண்டும் என்று 1925-ம் வருடத்துச் சட்டம் ஒன்றே இருக்கிறது. அது பல வக்கீல்களுக்குக்கூட நினைவில் இருப்பதில்லை. ஜவானின் குறையைக் குறிப்பிட்டு அவருடைய கமாண்டிங் அதிகாரி கலெக்டருக்குக் கடிதம் எழுதுவது வழக்கம். அந்தக் கடிதம் மேஜை மேஜையாக இறங்கி, கடைசியில் வரப்பை வெட்டியவனுக்கு வேண்டியவரின் கைக்கே போய்ச் சேருவதும் உண்டு. கலெக்டர்கள் இத்தகைய கடிதங்களுக்குத் தனிப் பதிவேடு வைத்து, முப்பது நாட்களுக்குள் பதில் போக உத்தரவிட வேண்டும். தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2025 ஜூலையில் 'வீர் பரிவார் சகாயதா' என்ற திட்டத்தைத் தொடங்கி, படைவீரர் குடும்பங்களுக்கு இலவசச் சட்ட உதவி அளிக்க முன்வந்திருக்கிறது. வரவேற்கத்தக்கது. கிராமத்து மக்களுக்கு இது தெரிய வேண்டுமே!

நமது வாசகர்களில் ஆபீஸ் உத்தியோகம் பார்ப்பவர்கள் அதிகம். மனு எழுதுவது அவர்களுக்குக் கைவந்த கலை. பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ ஊருக்குப் போகும்போது, தெருவில் ஜவானுடைய வீடு இருந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவருடைய தாயாருக்கோ மனைவிக்கோ ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம். ராணுவ எண், பதவி, யூனிட், நிலத்தின் சர்வே எண் ஆகியவை தெளிவாக இருக்கட்டும். ஒரு பிரதியை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் அனுப்ப வேண்டும். பணியில் இருப்பவர்களின் குடும்பத்தாரும் அந்த அலுவலகத்தை அணுகலாம். அலுவலகத்தில் தரும் ரசீது எண்ணை அடுத்த போனில் மறக்காமல் அவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.