பதக்கத்துக்கு அப்பால்

இந்தியாவின் ஹரியானா மாநிலத்திலும் பலாலி என்றொரு கிராமம் உண்டு. 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, அம்மாநிலத்தில் ஆறு வயது வரையான 1000 ஆண் குழந்தைகளுக்கு 834 பெண் குழந்தைகளே இருந்தனர். பெண் பிள்ளையை அந்தளவுக்கு வேண்டாத மண்ணில் மஹாவீர் சிங் போகட் தம் புதல்வியருக்கு மல்யுத்தம் பழக்கினார். ஊரார் நகைத்தனர். மூத்தவர் கீதா 2010இல் பொதுநலவாயப் போட்டியில் தங்கம் வென்றார். அதே மாநிலத்தின் சாக்ஷி மாலிக் 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றார். மல்யுத்தத்தில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. நகைத்த ஊர்களே பின்னர் பெண் பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பின.

ஆனால் 2023இல் சாக்ஷியும் கீதாவின் ஒன்றுவிட்ட சகோதரி வினேஷும் டில்லி வீதியோரத்தில் வாரக்கணக்கில் அமர்ந்திருந்தனர். மல்யுத்த சம்மேளனத் தலைவர் வீராங்கனைகளுக்குப் பாலியல் தொந்தரவு செய்தார் என்பது அவர்களின் முறைப்பாடு. அவர் அதை மறுத்தார். ஆண்டிறுதியில் அவருக்கு நெருங்கியவரே தலைவராகத் தெரிவானதும், சாக்ஷி தம் சப்பாத்துகளை மேசைமேல் வைத்துவிட்டு விளையாட்டிலிருந்து விலகினார்.

பெண் பிள்ளைக்குக் களத்தைத் திறந்துவிடுவது பாதி வேலையே. தகப்பனின் முற்றத்தைத் தாண்டியதும் அவளது எதிர்காலம் பயிற்றுநர் கையிலும் நிர்வாகிகள் கையிலும் இருக்கிறது. வாய் திறந்தால் வாய்ப்புப் போய்விடும் என்ற அச்சம் அவளுக்கு இருக்கும்வரை பதக்கங்களை எண்ணிப் பயனில்லை. நிர்வாகத்தில் பெண்கள் வேண்டும். முறைப்பாட்டைக் கேட்பவர் நிர்வாகத்துக்கு வெளியே நிற்பவராக இருக்க வேண்டும். மகளைக் களத்துக்கு அனுப்பும் பெற்றோர் இவ்விரண்டையும் முதலில் கேட்கட்டும்.