வாத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம்

போன கிழமை எங்கடை பட்ச் வட்ஸ்அப் குழுவில் ஒருத்தன் ஒரு வீடியோ போட்டான். கனடாவின் ஹட்சன் குடாக் கரை. கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் வெறும் சேறு, இடையிடையே பட்டுப்போன வில்லோப் பற்றைகள், அதுக்கு மேலால் ஆயிரக்கணக்கான வெள்ளை வாத்துகள். கீழே இரண்டு கருத்து. ஒன்று: "இப்பிடிப் பெருகினால் சுட்டுத் தள்ளத்தான் வேணும்." மற்றது: "விடு மச்சான், இயற்கை தன்ரை வேலையைத் தானே பாத்துக்கொள்ளும்." இரண்டுக்கும் கனபேர் லைக் போட்டிருந்தார்கள்.

நான் இரண்டு பேரோடும் சண்டை பிடிக்கப் போகிறேன். "கலைப்பீடத்தில படிக்கிற உனக்கு வாத்து எதுக்கு?" எண்டு கேட்கலாம். ஒரு அழிவு நடந்தால் பழி யாருக்குப் போகிறது, யார் தப்பிக்கிறார்கள் என்பது எங்கடை பாடம்தானே.

முதலில் கதையைச் சரியாகச் சொல்லுவோம். இது ஸ்காபரோ மாமாமார் பூங்காவில் படம் எடுத்து அனுப்புகிற கனடா வாத்து இல்லை. இது பனி வாத்து. குளிர்காலத்தை அமெரிக்காவின் தெற்கில் கழித்துவிட்டு, முட்டையிட 3,000 கிலோமீற்றருக்கு மேல் பறந்து வடக்கே போகிற பறவை. அது வந்திறங்கும் இடங்களில் ஒன்று மனிற்றோபா மாகாணத்தில் சேர்ச்சில் நகருக்குக் கிழக்கே இருக்கும் லா பெரூஸ் குடா. 1968 இல் பிரெட் குக் அங்கே பனி வாத்து ஆய்வைத் தொடங்கினார். பிறகு ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் றொபேட் ஜெஃபரீஸும் அவருடைய மாணவர்களும் அந்தக் கரையின் புல்லைப் பல வருடங்கள் குனிந்திருந்து அளந்தார்கள்.

அவர்கள் முதலில் கண்டது அழிவை இல்லை. ஒரு கொடுக்கல் வாங்கலை.

அந்தக் கரையின் உவர்ச் சதுப்பில் முக்கியமாக இரண்டு தாவரம். ஒன்று தரையோடு ஒட்டிப் படரும் பக்சினெலியா என்ற புல்லு, மற்றது ஒரு குட்டைக் கோரை. குளிர்மண்ணில் எதுவும் மெதுவாகத்தான் உக்கும். அதனால் நைதரசனுக்குப் பெரிய தட்டுப்பாடு. இங்கேதான் வாத்து உள்ளே வருகிறது. வாத்துக்கு மாடு மாதிரி நின்று நிதானமாகச் சமிபாடு செய்யும் வயிறு இல்லை. தின்றது ஓரிரு மணித்தியாலத்தில் எச்சமாக வெளியே வந்துவிடும். அந்த எச்சத்தின் நைதரசன் உடனே புல்லுக்குப் போகிறது. புல்லைக் கட்டையாக மேய்ந்து வைப்பதால் மண்ணில் வெயில் படுகிறது. அந்த வெளிச்சத்தில் சயனோபற்றீரியாக்கள் வளர்ந்து, வளியில் இருக்கிற நைதரசனையும் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கின்றன. ஆகவே மேயப்பட்ட இடத்தில் கோடை முழுக்கப் புல்லு வளர்ந்த மொத்த அளவு, வேலி போட்டு வாத்தை வெளியே வைத்த இடத்தை விடக் கூட. தின்னத் தின்னக் கூடுகிற சாப்பாடு! இன்னொன்று: அந்தப் பக்சினெலியா அங்கே விதை போடுவதில்லை. ஒடிந்த துண்டுகள் ஈரமண்ணில் ஒட்டி வேர்விட்டுத்தான் பரவும். ஒடித்துப் போடுவதும் அதே வாத்துத்தான்.

அப்படியானால் அந்த வீடியோவில் இருந்த சேறு எங்கிருந்து வந்தது?

கோடையில் வாத்து இலையை மேயும். ஆனால் பனி உருகத் தொடங்கும் வசந்தத்தில் இலை இருக்காது. அப்போது அது மண்ணைக் கிளறி வேரையும் வேர்த்தண்டுக்கிழங்கையும் பிடுங்கித் தின்னும். வாத்து கொஞ்சமாக இருக்கும்வரை அந்தக் காயம் ஆறிவிடும். 1968 இல் லா பெரூஸ் குடாவில் சில ஆயிரம் சோடிகள்தான் கூடு கட்டின. 1990களின் இறுதியில் அது பல பத்தாயிரமாகிவிட்டது. வடக்கே இன்னும் தூரம் போகவேண்டிய கூட்டங்களும் பனி விலகும்வரை இதே கரையில் தங்கித் தோண்டின.

புல்லுப் படுக்கை போனால் வெறும் மண் வெயிலில் காயும். அதுக்குக் கீழே இருப்பது பழைய கடலடிக் களி. நீர் ஆவியாக ஆவியாக உப்பு மேலே ஏறும். கடைசியில் மேல்மண் கடல்நீரை விட உப்பாகிவிடும். அந்த இறுகிய உவர்மண்ணில் ஒடிந்த புல்லுத்துண்டு வேர்விடாது. பக்கத்தில் நின்ற வில்லோவும் சாகும். அதுக்குப் பிறகு வேலி போட்டு வாத்தைத் தடுத்தாலும் வருடக்கணக்கில் ஒன்றும் முளைக்காது. "இயற்கை தானே பாத்துக்கொள்ளும்" எண்ட நண்பா, உன்ரை இயற்கை அந்த இடத்தில் ஒரு கோட்டைத் தாண்டிவிட்டது. திரும்பி வரும் பாதை போன பாதை இல்லை. 1997 இல் வட அமெரிக்க விஞ்ஞானிகள் குழு ஒன்று கணக்குச் சொன்னது: ஹட்சன் குடாத் தாழ்நிலத்தின் சுமார் 135,000 ஏக்கர் உவர்ச் சதுப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அழிந்துவிட்டது, மிச்சத்திலும் பெரும்பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது.

இப்போது மற்ற நண்பனிடம் வருகிறேன். வாத்து ஏன் பெருகியது? அது வருடத்தில் மூன்று மாதமளவுதான் வடக்கில் இருக்கிறது. மிச்ச மாதங்களில் எங்கே சாப்பிட்டது எண்டு ஒருக்காவது கேட்டாயா?

முந்தி பனி வாத்துகள் லூசியானா, ரெக்சஸ் கரையோரச் சதுப்புகளில்தான் மாரியைக் கழித்தன. அங்கே கிடைக்கும் கிழங்கும் வேரும் எத்தனை வாத்துக்குக் காணுமோ, அத்தனைதான் உயிர்தப்பும். இருபதாம் நூற்றாண்டில் அந்தச் சதுப்புகளுக்குப் பின்னால் நெல்வயல்கள் விரிந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செயற்கை நைதரசன் உரம் மலிவாகக் கொட்டப்பட்டது. வாத்துகள் முதலில் நெல்வயலுக்கும் பிறகு உள்நாட்டுச் சோள வயல்களுக்கும் மாறின. அறுவடை இயந்திரம் சிந்திவிட்டுப் போன தானியம் மாரி முழுக்கக் கிடந்தது. பட்டினியில் சாகவேண்டிய வாத்து சாகவில்லை. கொழுத்துப்போய் வடக்கே பறந்து, கூடக் குஞ்சு பொரித்தது. பறவைச் சரணாலயங்களும் குறைந்துபோன வேட்டையும் அதுக்குத் துணை நின்றன.

யோசித்துப் பாருங்கோ. தண்டராக் கரையில் நைதரசன் இல்லை என்பதுதான் அந்தக் கொடுக்கல் வாங்கலின் அடிப்படை. தெற்கில் தொழிற்சாலை நைதரசன் சோளமாகி, சோளம் வாத்தாகி, அந்த வாத்து வடக்கே போய் அதே அடிப்படையை உடைத்தது. சோளன் போட்ட நிலம் வீடியோவில் இல்லை. உரம் செய்த கம்பனி வீடியோவில் இல்லை. வாயில் வேரோடு நிற்கிற வாத்து மட்டும் இருக்கிறது. கையும் களவுமாகப் பிடிபட்டவன்தான் முழுக் குற்றவாளி என்று முடிப்பது சோம்பேறிகளின் நீதி.

அந்த நீதி 1999 இல் சட்டமானது. அமெரிக்கா வசந்தகால வேட்டையைத் திறந்துவிட்டது. இலத்திரனியல் குரல் கருவி வைத்து வாத்தைக் கூப்பிடலாம், ஒரு நாளைக்கு எத்தனை சுடலாம் என்ற வரம்பும் இல்லை. எண்ணிக்கையைப் பாதியாக்குவதுதான் குறி. முதல் பத்தாண்டில் அது நடக்கவில்லை. வயல் அப்படியே கிடந்து சாப்பாடு போட்டது.

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிடக் கோபம் தருவது. 1916 இல் அமெரிக்காவும், கனடாவுக்காகப் பிரித்தானியாவும் புலம்பெயர் பறவைகள் பற்றி ஒரு உடன்படிக்கை செய்தன. அது வசந்தகால வேட்டையைத் தடை செய்தது. நீண்ட மாரிக்குப் பிறகு வந்திறங்கும் வாத்தும் தாராவும் வடக்கின் கிறீ, தெனே, இனுயிற் மக்களுக்கு வசந்தச் சாப்பாடு. அதைக் கேட்டவர் யார்? 1962 இல் மைக்கேல் சிக்கியா என்ற தெனே வேட்டைக்காரர் யெலோநைவ் பக்கத்தில் ஒரே ஒரு காட்டுத்தாராவைச் சுட்டார். அவருடைய மக்களோடு செய்த ஒப்பந்தத்தில் வேட்டை உரிமை வாக்களிக்கப்பட்டிருந்தது. என்றாலும் 1964 இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றே முடித்தது. சாப்பிட ஒன்றைச் சுட்டவர் குற்றவாளி. முப்பத்தைந்து வருடம் கழித்து அதே வசந்தத்தில் விளையாட்டு வேட்டைக்காரர் கணக்கில்லாமல் சுட்டால் அதுக்குப் பெயர் "பாதுகாப்பு". உடன்படிக்கையைத் திருத்தி அந்த மக்களின் உரிமையை ஏற்றுக்கொள்ள 1990களின் இறுதி வரை போனது.

என்னை மடக்க ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. "சரி, சோள வயலை மூடவா சொல்லுறாய்? சதுப்பு செத்துக்கொண்டிருக்கேக்கை கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறதா?" நியாயம். எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்ன விஞ்ஞானிகள் கொலைகாரர் இல்லை. தாங்கள் வருடக்கணக்காக அளந்த புல்லு கண்முன்னால் போவதைப் பார்த்தவர்கள். வேட்டையே வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. காரணத்தை எழுதினவர்களும் அவர்கள்தான்: உரம், வயல், சிந்திய தானியம் என்று வரிசையாக. ஆனால் அந்த வரிசையில் இருந்து சட்டம் எடுத்தது கடைசி ஆளை மட்டும். அமெரிக்கச் சோளத்தில் பெரும்பகுதி மாட்டுத் தீனிக்கும் எதனோலுக்கும் போகிறது. அதைப் பற்றிக் கதைக்கிறது கஷ்டம். துவக்கைத் தூக்குவது சுலபம்.

"தொகை கூடிப்போச்சு" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இப்ப ஒரு சந்தேகம் வருகிறது. அது காரணம் மாதிரி ஒலிக்கும், ஆனால் விளைவு. அந்த வீடியோ இன்னும் குழுவில் கிடக்கிறது. அதைப் போட்டவனுக்கு நான் அனுப்பின பதில் ஒரு வரிதான்: இதே வாத்துகள் ஜனவரியில் எந்த வயலில் நிக்குதெண்டு அந்த வீடியோவையும் தேடிப் போடு. பிறகு யாரைச் சுடுறதெண்டு கதைப்பம்.