வீட்டுக்கு அனுப்பும் முன்

தனக்குத்தானே தீங்கிழைத்துக்கொண்ட பதினாறு வயதுப் பெண்ணை நள்ளிரவில் அரசு மருத்துவமனைக்குத் தூக்கி வருகிறார்கள். காரணம் கேட்டால் தாய் முந்திக்கொள்கிறார்: "தீராத வயிற்றுவலிங்க." பதிவேட்டில் அதுவே ஏறுகிறது. உயிரை மீட்கும் வேலையில் நம் மருத்துவர்களும் செவிலியர்களும் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர், பெண் பிழைத்துக்கொள்கிறாள். சில நாள்களில் வீட்டுக்கு அனுப்பும் சீட்டு எழுதப்படுகிறது. அதன் அடியில், "மனநலப் பிரிவில் காட்டவும்" என்று ஒரு வரி. பெரும்பாலும் அந்த வரியோடு மருத்துவமனையின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. அந்தப் பெண் ஏன் அப்படிச் செய்தாள் என்று ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை.

முன்பு ஒருமுறை தீங்கிழைத்துக்கொண்டவர் மீண்டும் அந்த எல்லைக்குச் செல்லும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பன்மடங்கு மிகுதி. அதிலும் மருத்துவமனையை விட்டு வெளியேறியதை அடுத்த வாரங்களே மிகவும் இடர் நிறைந்தவை. "இனிமேல் புத்தி வந்திருக்கும்" என்று குடும்பம் ஆறுதல் கொள்ளும் நாள்களும் அவையே.

ஆகவே இடரை மதிப்பிட வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. எப்படி மதிப்பிடுவது என்பதில்தான் தெளிவு தேவை. வினாத்தாளில் குறியிட்டு, மதிப்பெண் கூட்டி, 'குறைவு', 'நடுத்தரம்', 'மிகுதி' எனப் பிரிப்பது அலுவலக முறைக்கு வசதியானது. ஆனால் இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ், அப்படிப் பிரித்து வருங்காலத்தைக் கணிக்கக் கூடாது என்று 2022-இல் திட்டவட்டமாக அறிவுறுத்தியது. அந்நாட்டில் மனநலச் சிகிச்சையில் இருந்தபோது தற்கொலையால் இறந்தோருள் பெரும்பாலோர், கடைசிச் சந்திப்பில் இடர் குறைந்தவர்கள் என்றே கருதப்பட்டிருந்தனர். யாருக்குச் சிகிச்சை மறுக்கலாம் என்பதைத் தீர்மானிக்க அந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்தினால் அது கொடுமையாகவே முடியும்.

நல்ல மதிப்பீடு என்பது பொறுமையான உரையாடல். இளையவரிடம் முதலில் தனியே பேச வேண்டும்; பெற்றோரிடம் பிறகு பேசலாம். சாக வேண்டும் என்று நினைத்தாயா, இப்போதும் அந்த எண்ணம் உண்டா, முன்பும் இப்படி நேர்ந்ததா, வீட்டில் யாரிடம் மனம்விட்டுப் பேச முடியும் என நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்ற அச்சத்தை ஆய்வுகள் மெய்ப்பிக்கவில்லை. தேர்வு, காதல், சாதி, கைப்பேசி வழி மிரட்டல், பாலியல் கொடுமை என எதுவும் வெளிவரலாம். கொடுமை செய்தவர் அதே வீட்டில் இருந்தால், வீட்டுக்கு அனுப்புவதே ஆபத்து. எதை மறைவாகக் காக்க முடியும், எதைச் சட்டப்படி வெளிப்படுத்தியாக வேண்டும் என்பதையும் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை. முடிவில் ஒரு திட்டம் கையில் இருக்க வேண்டும்: மருந்தையும் பூச்சிக்கொல்லியையும் பூட்டி வைப்பது யார், அடுத்த சந்திப்பு எந்த நாள், நெருக்கடியில் அழைக்க எந்த எண். 'டெலி மனஸ்' மனநல உதவி எண் 14416-இல் இரவு பகலாகத் தமிழிலும் பேசலாம்.

இவற்றுக்கெல்லாம் பெரும்பொருள் வேண்டும் என்ற சாக்குக்கும் இடமில்லை. ஐந்து நாடுகளில், சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேர் அதில் இடம்பெற்றனர். ஒரு பகுதியினருக்கு வீடு திரும்பும் வேளையில் ஒரு மணி நேரம் விளக்கமான பேச்சு; பின்னர் 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரிப்பு. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்தனர். தொடர்ந்து விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 விழுக்காடே.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொல்கிறது. மீண்டும் அது நேராதிருக்கப் பராமரிப்பும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவுக்கு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இடமில்லை. ஆயினும் காவல் நிலையத்தை நினைத்து நடுங்கும் குடும்பங்கள் இன்னமும் வயிற்றுவலியையே சொல்கின்றன. அச்சம் நீங்காத வரை உண்மை வெளிவராது. உண்மை தெரியாமல் எந்த மதிப்பீடும் பயன் தராது.

தனிமையில் பேச ஓர் அறை, இரவிலும் அழைக்கத்தக்க மனநலப் பணியாளர், வீடு சென்றபின் தொலைபேசியில் தொடர்ந்து விசாரிக்க ஓர் ஊழியர் ஆகிய மூன்றும் ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இருந்தாக வேண்டும். மதிப்பீடு முடியாமல் எந்த இளையவரையும் வீட்டுக்கு அனுப்பலாகாது என்று சுகாதாரத் துறை ஆணையிடட்டும். அதை நிறைவேற்றுவதற்கான பணியிடங்களுக்கும் அதே ஆணையில் ஒப்புதல் தரட்டும்.