முதலில் கணவன் சோதனைக்குப் போகட்டும்

மணமாகி ஓராண்டு கடந்தும் கருத்தரிக்கவில்லையென்றால் மருத்துவரைப் பார்ப்பதே முறை. மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே போகவேண்டும். மும்பையில் நம் குடும்பங்களில் நடப்பதென்ன? மருமகளை ஊருக்கு அனுப்பிக் கோயில் கோயிலாகச் சுற்றவிடுகிறோம். மலடி என்ற பட்டமும் சூட்டுகிறோம். மகனை ஒருவரும் கேட்பதில்லை!

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் பக்கமும் குறை உண்டு. விந்துச் சோதனைக்குக் கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்து மாதிரி கொடுத்தால் போதும், செலவும் சொற்பம். ஆண்மைக்கு இழுக்காம்! இதைச் செய்யாமலே மனைவிக்கு ஊசி போடத் தொடங்கும் நிலையம் யாருடைய லாபத்துக்காக அவசரப்படுகிறது? கருக்குழாயைக் காசநோய் அடைத்திருக்கிறதா என்றும் முதலிலேயே பார்க்கச் சொல்லுங்கள். நெருக்கடிக் குடியிருப்புகளில் இருமலே இல்லாமல் வந்து தங்கும் நோய் அது.

1986 ஆகஸ்ட் 6 அன்று டாக்டர் இந்திரா ஹிந்துஜா குழுவினரின் முயற்சியால் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது பரேல் கே.இ.எம். மருத்துவமனையில். அது மாநகராட்சி மருத்துவமனை, நம் வரிப்பணத்தில் நடப்பது. இன்றோ அதே சிகிச்சைக்காகத் தொழிலாளி தாலிக்கொடியை அடகு வைத்துத் தனியாரிடம் போகிறான்.

2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெறாத நிலையம் இச்சிகிச்சை அளிக்கக்கூடாது. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு முறைக்கான மொத்தச் செலவை எழுதி வாங்குங்கள். மாநகராட்சியின் பெரிய மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இச்சிகிச்சை இலவசமாகக் கிடைக்க என்ன செய்தீர் என்று, ஓட்டுக் கேட்டு வந்த கவுன்சிலரை நம் சங்கம் கேட்கவேண்டும்.