ஆக்கர் விழாத பம்பரம்

சில ஆண்டுகளுக்கு முன், மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகன் தன் பேபிளேடு ஒன்றைக் குப்பைக்கூடையில் போட்டிருந்தான். எடுத்துப் பார்த்தேன். உடைசல் ஏதுமில்லை, லாஞ்சரில் பொருத்தி இழுத்தால் நன்றாகவே சுழன்றது. கேட்டதற்கு, "அது பழசுங்கப்பா, கதையில வேற வந்துருச்சு" என்றான்.

கதைப்பின்னல் பற்றி இருபது ஆண்டுகளாக வகுப்பெடுத்துவரும் என்னை அந்த வாக்கியம் உறுத்திக்கொண்டே இருந்தது. அவனோடு அமர்ந்து 'பேபிளேடு பர்ஸ்ட்' தொடரைப் பல நாள் பார்த்தேன். நாயகன் வால்ட் தோற்கிறான், வருந்துகிறான், பயிற்சி செய்கிறான். இதுவரை எந்த வீரகதைக்கும் உரிய பாதைதான். ஆனால் கடைசியில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் அவனிடம் நிகழ்வதில்லை, பம்பரத்தில் நிகழ்கிறது. முதலில் வால்ட்ரயெக், அடுத்த பருவத்தில் ஜெனிசிஸ் வால்ட்ரயெக், அதற்கடுத்து டர்போ வால்ட்ரயெக். பாத்திர வளர்ச்சி என்று நாம் வகுப்பில் சொல்வது இங்கே பொருளின் வளர்ச்சியாகிவிட்டது. அந்தப் பொருள் கடையில் பெட்டியாகக் கிடைக்கிறது.

இதில் கதையைவிடப் பொம்மைதான் மூத்தது. தகாரா நிறுவனம் 1999இல் ஜப்பானில் பேபிளேடை விற்பனைக்குக் கொண்டுவந்தது; தொலைக்காட்சித் தொடர் 2001இல் வந்தது. அதற்கும் மூலம் 'பேகோமா' என்ற பழைய ஜப்பானியப் பம்பரம். சுருள் சிப்பிக்குள் மணலை அடைத்து மெழுகால் மூடிச் சுழற்றியதில் தொடங்கிய ஆட்டம் அது. பின்னாளில் உலோக வார்ப்பானது. வாளியின் வாயில் துணியை இழுத்துக் கட்டி அதன்மேல் மோதவிடுவார்கள். பிள்ளைகள் வெல்வதற்காகத் தம் பம்பரங்களைத் தாமே தேய்த்துக் கூர்மையாக்கிக்கொண்டார்கள் என்று படித்தபோது, ராசிபுரத்துத் தெருவில் நான் ஆடிய ஆட்டம்தான் நினைவுக்கு வந்தது.

வட்டம் கிழித்து ஆடுவோம். அபீட் எடுக்கத் தவறியவனின் பம்பரம் வட்டத்துக்குள் போகும். மற்றவர்கள் சாட்டையைச் சுற்றி ஓங்கி அதன்மேல் குத்துவார்கள். ஆணி இறங்கிய பள்ளத்துக்கு ஆக்கர் என்று பெயர். என் பம்பரத்தில் ஏழு ஆக்கர்கள் இருந்தன. எது யார் போட்டது என்று இன்றைக்கும் சொல்வேன். மழுங்கிய ஆணியை லாரிப் பட்டறையில் கெஞ்சி மாற்றிக்கொண்டு மறுபடி வட்டத்துக்கு வருவோம். பழைய பம்பரம் என்றால் பல ஆட்டம் கண்டது என்றுதான் பொருள். குப்பைக்குப் போக வேண்டியது என்று எங்களுக்கு எந்தத் தொடரும் சொல்லித்தரவில்லை. (எங்களுக்கும் 'ஹீ-மேன்' வாய்த்தான். வாள் என்று விளக்குமாற்றுக் குச்சியைத் தூக்கினோம். பொம்மை வாங்கப் பணமில்லாததே எங்களுக்குக் காவல்.)

சட்டம் இந்த இடத்தில் திகைத்து நிற்கிறது. இந்தியக் கேபிள் தொலைக்காட்சி விதிகள் ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடங்களுக்கு மேல் விளம்பரம் கூடாது என்கின்றன. நிகழ்ச்சியே விளம்பரமாக இருந்தால் எதை அளப்பது? அமெரிக்காவில் இக்கேள்வி 1969இலேயே எழுந்தது: 'ஹாட் வீல்ஸ்' பொம்மைக் கார்களின் பெயரில் ஒரு தொடர் வந்தபோது போட்டி நிறுவனம் ஒன்று முறையிட்டது, ஒலிபரப்பு ஆணையமும் ஆட்சேபித்தது. 1984இல் அதே ஆணையம் விளம்பர நேரக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அந்த ஆண்டுதான் 'டிரான்ஸ்பார்மர்ஸ்' தொடர் வந்தது. 1990இல் அங்கே புதிய சட்டம் இயற்றி விளம்பர நிமிடங்களுக்கு மீண்டும் வரம்பு வைத்தார்கள். அப்போதும் நிமிடங்களைத்தான் எண்ணினார்கள்.

தொலைக்காட்சியை அணைத்துவிடு என்பவர்கள் உண்டு. அணைத்துப் பார்த்தேன். பள்ளியில் எல்லோரும் பேசும் பேச்சு அவனுக்கு மட்டும் புரியாமல் போனதுதான் மிச்சம். ஒன்பது வயதுக்கு அது சிறிய தண்டனை அல்ல. மறுபடி போட்டுவிட்டேன்.

குப்பைக்கூடையிலிருந்து எடுத்த பேபிளேடை என் மேசைமேல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அதன் உலோகத் தட்டை மட்டும் காணவில்லை. மகன் அதைக் கழற்றி வேறொரு பம்பரத்தின் மேல்பாகத்தோடு பொருத்தியிருந்தான். அந்தச் சேர்க்கைக்குத் தொடரில் பெயர் கிடையாது, அவனும் வைக்கவில்லை. மாலையில் திண்ணையில் அடுத்த வீட்டுப் பையனோடு மோதவிட்டான். இரண்டு முறை தோற்றான், ஒரு முறை வென்றான்.